அவரோடு போன அட்டை

என் வீட்டுக்காரர் கணேசமூர்த்தி குளவி கொட்டி இறந்தார். டயகமவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் மலையில் அவர் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். நான் கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கூடு கலைந்ததும் எல்லாரும் சிதறி ஓடினோம். என்னையும் கொட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூட்டிவந்தபோது அவரைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். வீங்கிப்போன அந்த முகத்தை முழுதாகப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அத்தை செய்ததைப் பார்த்தேன். பெட்டியை மூடுமுன் அத்தை பேச்சியம்மா தன் மகனுடைய அடையாள அட்டையை அந்தச் சட்டைப் பையில் வைத்தாள்.

"போற வழியில எவனாச்சும் நிப்பாட்டிக் கேட்டா என்னத்த காட்டுவான்?" என்றாள்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. எங்கள் லயத்து வீடுகளில் அது வழக்கம். இந்த நாட்டில் எங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை கிடைக்கவே எவ்வளவோ காலமாயிற்று. அதோடு யுத்தமும் வந்தது. இவர் இளவட்டமாகக் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தபோது, ஒருநாள் அட்டையை அறையில் மறந்துவிட்டு ரோட்டுக்கு வந்தார். பொலிஸ் பிடித்துப் பல மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். அங்கே நடந்ததை என்னிடம்கூட அவர் சொன்னதில்லை. திரும்பி வந்தபின் ஆற்றுக்குக் குளிக்கப் போனாலும் அட்டையைப் பொலித்தீனில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். அப்படிப்பட்ட மனிதரை அட்டையில்லாமல் அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

அந்த வருஷம்தான் தொழிலாளர் காப்புறுதி நிதியின் நடைமுறையை நாடு முழுக்க மாற்றினார்கள். முன்பெல்லாம் ஒருவர் இறந்தால் தோட்டத்து ஆபிஸில் சொல்வோம். அவர்கள் கொழும்புக்கு எழுதுவார்கள். பிறகு அதை மறந்துவிட வேண்டியதுதான். செத்துப்போனவர்கள் பேரில் யார் யாரோ பணத்தை எடுத்துத் தின்கிறார்கள் என்று புகார் வந்ததால், இனி மனைவியோ பிள்ளையோ நேரில் வந்து கணினியில் பதிய வேண்டும் என்றார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் சங்கத் தலைவர் வீரய்யா அதைச் சொன்னார்.

"இனிமே எவன் காலையும் புடிக்க வேணாம். எல்லாத்தையும் மெசினே செஞ்சிரும்."

"அந்த மெசினுக்கு யாரு தலைவரே சாராயம் வாங்கிக் குடுக்குறது?" என்று மீனம்மா கேட்டாள். மீனம்மா எங்கள் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி. அவளும் தாலி அறுத்தவள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்கரப்பத்தனையில் ஒரு மண்டபத்தில் நடமாடும் சேவை வைத்திருந்தார்கள். உத்தியோகத்தர் அம்மா ஒருவர், நோனா என்போம், சிங்களத்தில் கேட்க, பக்கத்தில் இருந்த நிரஞ்சன் என்ற பொடியன் தமிழில் சொன்னான். மரணச் சான்றிதழ் கொடுத்தேன். என் அட்டையைக் கொடுத்தேன்.

"அவரோட ஐடென்டி கார்டையும் குடுங்கம்மா. மெசின்ல போட்டுட்டு நாங்க வச்சுக்குவோம்."

"அது இல்லீங்க."

"தொலைஞ்சிருச்சா? பொலிஸ்ல ஒரு என்ட்ரி போட்டுட்டு வாங்களேன்."

பொலிஸுக்கா? அங்கே போய்ப் பொய் சொல்லி, எங்கே தொலைந்தது, கடைசியாக யார் வைத்திருந்தது என்று குடைந்தால் என்ன செய்வேன்? உண்மையைச் சொன்னேன். "அவரு சட்டையிலயே வச்சு அடக்கிட்டோம் தம்பி."

அவன் விரல் கணினியில் அப்படியே நின்றது. நோனாவிடம் சொன்னான். அவர் என்னைப் பார்த்தார். இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். எனக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கும். 'வள' என்றார்கள். குழி. பிறகு 'உசாவிய' என்றார்கள். கோர்ட்.

"தோண்டுவாங்களா தம்பி?"

"தெரியாதும்மா. எங்களுக்கு இப்பிடி ஒன்னு வந்ததே இல்ல. கொழும்புக்குப் போட்டிருக்கு. நேர்ல வந்து பாப்பாங்க."

"எனக்கு ஒன்னுமே வேணாங்க. அழிச்சிருங்க."

"அழிக்க ஏலாதும்மா. ஏறினா ஏறினதுதான். முந்தி மாதிரி பைல தூக்கி மூலையில போட முடியாது. அது தானா போய்க்கிட்டே இருக்கும்."

அவன் அதை ஆறுதலாகத்தான் சொன்னான். எத்தனையோ வருஷம் எங்கள் காரியம் எதையும் கவனிக்காமல் இருந்தவர்கள், இந்த ஒன்றை மட்டும் விடாமல் பார்க்கப் போகிறார்கள்.

லயத்துக்குச் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் நான் குடத்தோடு வந்ததைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். மீனம்மாதான் வாயைத் திறந்தாள்.

"ஒன் ஆளத் தோண்டுனா அதோட விட்ருவானுங்களா? அட்டை எங்கன்னு எங்களையும் கேப்பானுங்க. என் மனுசனையும் கெளறுவானுங்க. தொலைஞ்சு போச்சுன்னு சொல்ல ஒனக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?"

நான் குடத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவள் சொன்னதில் தப்பில்லை.

அன்றிலிருந்து ரோட்டில் எந்த வாகனச் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். போனில் ஒரு செய்தி வந்தது, இங்கிலீஷில். தமிழ் நன்றாக வாசிப்பேன். இங்கிலீஷில் எண்கள் மட்டும்தான் விளங்கும். யாரிடமாவது காட்டவும் பயம். மழைக்காலம் வேறு. இந்த ஈரத்தில் மண்ணுக்குள் அவர் எப்படி இருப்பார் என்று நினைக்கக்கூடாது என்று நினைப்பேன். கொழுந்துக் கூடையோடு நிற்கும்போதே அந்த நினைப்பு வந்துவிடும். பெட்டியைத் திறந்தால் அடையாளம் காட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்குப் பார்க்காமல் விட்ட முகத்தை இப்போது பார்க்கச் சொல்வார்கள்.

அத்தையிடம் மறைத்து வைத்திருந்தேன். யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் என்னைத் திட்டவில்லை. விடிந்ததும் சாக்கு ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு மயானத்துக்குப் போக ஆரம்பித்தாள். டர்பன்டைன் மரங்களுக்குக் கீழே அவர் குழியருகில் உட்கார்ந்திருப்பாள். சாப்பாட்டை நான் அங்கேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒருநாள் ஜீப் வந்தது. நோனாவும் நிரஞ்சனும், இன்னொரு உத்தியோகத்தரும் இறங்கினார்கள். அந்த ஆள் பின்பக்கத்திலிருந்து நீளமான ஒரு பையை இழுத்துத் தோளில் போட்டார். உள்ளே இரும்பு இடிபடும் சத்தம் கேட்டது. குழி தோண்ட மம்பட்டி என்று நினைத்துக்கொண்டேன். மயானத்துக்குக் கூட்டிப்போனேன், லயத்து ஆட்கள் எல்லாரும் பின்னால் வந்தார்கள். எங்களைத் தூரத்தில் கண்டதுமே அத்தை குழிமேட்டில் குப்புறப் படுத்து மண்ணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

உத்தியோகத்தர் பையைத் திறந்தார். உள்ளே கமெராவை நிறுத்தும் மூன்று கால்கள்.

"படம் மட்டுந்தான் பாட்டி," என்றான் நிரஞ்சன்.

"மொதல்ல படம் புடிப்பீங்க. பொறவு?" அத்தை எழுந்திருக்கவில்லை. அவள் படுத்திருக்கவே படம் பிடித்தார்கள்.

அதற்குப் பின் நிரஞ்சன் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னான். அட்டை குழிக்குள்தான் இருக்கிறது என்று குடும்பத்தில் இல்லாத இருவர் சாட்சி சொல்ல வேண்டும். அதன்பின் அந்த அட்டையை ரத்துச் செய்ய நான் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் இத்தோடு முடிந்துவிடும். இல்லையென்றால் கோர்ட் சொல்கிறபடிதான்.

சாட்சிக்கு யார் என்று கேட்டபோது கூட்டம் கீழே பார்த்தது. தலைவர் வீரய்யா இருமினார். மீனம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அட்டைய வச்சத நான் பாத்தேங்க. என் வீட்டுக்காரருக்கும் அப்பிடித்தான் வச்சேன். அதையும் எழுதிக்கோங்க."

"அது இப்ப வேணாம்மா."

"எழுதுங்க தம்பி. பொறவு என் வாசல்ல ஜீப்போட வந்து நிக்காதீங்க."

யாரோ சிரித்தார்கள். வீரய்யாவுக்கு அதன்பிறகு சும்மா நிற்க முடியவில்லை. அவரும் சாட்சி சொன்னார்.

பேனா என் கையில் இருந்தது. "ரத்துன்னா அந்த அட்டை செல்லாதா தம்பி?"

"செல்லாதும்மா. யாரு கையில இருந்தாலும் செல்லாது."

எனக்கு இவ்வளவு நாளும் இருந்த பயம் ஒன்று. இது வேறு. கையெழுத்து வைத்தால், அங்கே அவர் பையிலிருக்கும் அட்டை வெறும் துண்டு. வைக்காவிட்டால் மம்பட்டி வரும். அத்தையின் பக்கம் திரும்பாமல், சண்முகவடிவு கணேசமூர்த்தி என்று முழுப்பேரையும் எழுதினேன்.

அவர்கள் போனபின் அத்தை எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது.

"என்னடி எழுதிக் குடுத்த?"

பொய் சொல்ல வரவில்லை. "தோண்ட மாட்டாங்க அத்தை. ஐடென்டிய ரத்துப் பண்ணிட்டாங்க."

அவள் கன்னத்து மண்ணைத் துடைத்தாள். "வேற ஒன்னு எடுத்துத் தருவாங்களான்னு கேட்டியா?"

நான் கேட்கவில்லை. ஜீப் கீழே பாலத்துக்குப் பக்கத்தில் திரும்ப இடமில்லாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

"ஓடிப் போயி கேளு," என்றாள்.

ஓடினேன். சேறு வழுக்கியது. நிரஞ்சன் கண்ணாடியை இறக்கி, "என்னம்மா?" என்றான். மூச்சு வாங்க அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நோனாவும் எட்டிப் பார்த்தார். எப்படிக் கேட்பது?

"ஒன்னுமில்லீங்க தம்பி. ரோட்டு சரியில்ல, பாத்துப் போங்க."

மறுபடி மேலே ஏறினேன். அத்தை எழுந்து நின்றிருந்தாள்.

"கேட்டேன் அத்தை. பாக்கலாம்னு சொன்னாங்க."

"பாக்கலாம்னு சொன்னா குடுக்க மாட்டானுங்க," என்றாள் அத்தை. சாக்கை உதறி விரித்து, அவர் பக்கத்தில் மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள்.