டி டிரைவில் பத்திரம்

கம்ப்யூட்டரைத் திறந்ததும், ஹார்ட் டிஸ்க் எந்த நேரமும் செயலிழக்கலாம் என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. கணக்கு வாத்தியாருக்கு வெலவெலத்துப் போயிற்று. தையல் கடை நடத்தும் மனைவி பன்னிரண்டு வருடமாக வரைந்து சேர்த்த டிசைன்களெல்லாம் அதற்குள்தான் இருந்தன. அவை போனால் கடையை மூட வேண்டியதுதான்.

காலை முழுவதும் மாங்கு மாங்கென்று உட்கார்ந்து நகல் எடுத்துவிட்டு, மார்தட்டிக்கொண்டு வந்தார்.

"கவலையே வேணாம்மா. எல்லாத்தையும் டி டிரைவ்ல போட்டுட்டேன்."

"அந்த டி டிரைவ் எங்கங்க இருக்கு?"

"அதே டிஸ்க்லதான்."

"அப்போ வீடு பத்திக்கிட்டா, ஹால்ல இருக்கிற சாமானைத் தூக்கி பெட்ரூம்ல வைப்பீங்களா?"

வாத்தியார் அசடு வழிந்தார். மனைவி அலமாரியைக் குடைந்து, தனியாகச் செருகும் டிஸ்க் ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் டிசைன்களைத்தான் முதலில் ஏற்றினார். கடைசி டிசைனும் ஏறியது. தான் பாடிப் பதிந்து, தினமும் சத்தமாகப் போட்டுக் கேட்கும் பாட்டுகளைத் தொடுவதற்குள் திரை இருண்டுவிட்டது.

"ஐயோ, நான் பாடினதெல்லாம் போச்சே!"

"விடுங்க. இனிமேலாவது பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலைத் திறந்து வைப்பாங்க" என்று ஆறுதல் சொன்னாள் மனைவி.