அம்சாவுக்காகச் சொன்ன உள்ளேன்

திண்டிவனத்தில் ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் செண்பகம் டீச்சர். முப்பது வயது. பிடிவாதக்காரி. தலைமையாசிரியர் அரங்கநாதன் "முடியாது" என்று ஒரு தரம் சொன்னால் மற்ற டீச்சர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். இவள் மட்டும் நாலு நாள் அவர் தலையைத் தின்று, "என்னமோ செய்துதொலையுங்கள்" என்று அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விடுவாள். அம்சா பள்ளியில் சேர்ந்ததும் அப்படித்தான்.

1961 ஜூன் மாதம் வெள்ளையம்மாள் மகளை இடுப்பில் கயிறு கட்டி அழைத்து வந்தாள். ஆமாம், கயிறுதான். அதன் மறுமுனை தாயின் மணிக்கட்டில் இருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். வெள்ளையம்மாளுக்கு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலைத் தோல் உடைக்கிற வேலை. மகளைத் தூணில் கட்டிப்போட்டுவிட்டுத்தான் வேலை பார்க்கிறாள். எட்டு வயதுப் பெண் பேசுவதில்லை, முகம் பார்ப்பதில்லை, பெரிய சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓட்டமெடுத்துவிடும்.

"இது பள்ளிக்கூடமா, பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?" என்றார் அரங்கநாதன். வெள்ளையம்மாள் முகத்துக்கு நேரே அப்படிக் கேட்டார், அந்த மகானுபாவர்.

செண்பகம் நாலு நாள் அவர் தலையைத் தின்றாள். ஐந்தாம் நாள் அம்சா மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள், கயிறு இல்லாமல்.

சேர்ப்பது எளிது, வைத்துக்கொள்வதுதான் பாடு. முதல் மாதம் அம்சா ஆறு தடவை ஓடினாள். எல்லாமே மணி அடிக்கும்போது. புங்கமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டைப் பியூன் மொய்தீன் பிச்சை இரும்புக் கம்பியால் ஓங்கி அடிப்பார். அது ஊருக்கே கேட்கும். செண்பகம் அவரிடம் போய் நின்றாள்.

"பாய், அடிக்கிறதுக்கு முன்னாடி எங்க வாசல்ல வந்து ஒரு தரம் தோள் துண்டைத் தூக்கிக் காட்டுங்க. அது காதைப் பொத்திக்கட்டும். அப்புறம் அடிங்க."

"அவ்ளோதானே டீச்சர்? ஜல்தியா வந்து காட்டிட்டுப் போறேன், அதுல என்ன எனக்குக் கஷ்டம்?" என்றார் மொய்தீன் பிச்சை. அன்றிலிருந்து மணிக்குப் பயந்து அம்சா ஓடவில்லை.

மதிய உணவு சமைக்கும் வீரம்மாள் சோற்றில் குழம்பு படாமல் தனியாகக் கிண்ணத்தில் ஊற்றித் தரப் பழகினாள். முதலில், "ராணிக்குத் தனிப் பந்தியா?" என்று முணுமுணுத்தவள்தான், அம்சா முதன்முதலாகத் தட்டைக் காலி செய்த அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வகுப்புப் பெண்கள் பன்னிரண்டு பேர் முறை வைத்துக்கொண்டார்கள். முறைக்காரி காலையில் வீட்டுக்குப் போய் அம்சாவைக் கூட்டி வர வேண்டும், பக்கத்தில் உட்கார வேண்டும், மாலையில் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். யார் முறை என்பதில் சண்டைகூட வந்தது. வாயாடி ராஜாமணி அடுத்தவள் முறையையும் தானே பறித்துக்கொள்வாள்.

வருகைப் பதிவு எடுக்கும்போது அம்சாவுக்கு வாய் வராது. அதற்கும் செண்பகம் ஒரு வழி வைத்திருந்தாள். பெயரைக் கூப்பிட்டதும் முறைக்காரி எழுந்து அம்சாவின் கையைத் தூக்கிப் பிடித்து, "உள்ளேன் டீச்சர்" என்று சொல்வாள். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் செண்பகத்துக்குப் பெருமையாக இருக்கும். ஒருத்தியின் வாயால் இன்னொருத்தி இருக்கிறாள் என்று சொல்லவைத்துவிட்டோமே என்று. பெருமைப்பட்டது தப்பில்லை. அதற்குமேல் யோசிக்காததுதான் தப்பு.

அம்சாவுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் அபார ருசி. கூட்ஸ் வண்டி. ஜன்னலுக்கு வெளியே வண்டி போகும்போது பெட்டிகளை எண்ணுவாள். முடிந்ததும், "நாப்பத்திரண்டு" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். பன்னிரண்டு பெண்களும் கூடச் சிரிப்பார்கள். பெட்டியை வைத்தே செண்பகம் அவளுக்குக் கூட்டல், பெருக்கல் எல்லாம் ஏற்றிவிட்டாள். மண்டியில் வேலை சீக்கிரம் முடிகிற மாலைகளில் வெள்ளையம்மாள் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. பிள்ளைகளோடு செண்பகமும் வகுப்பு ஏறிக்கொண்டே வந்தாள். 1963 ஜனவரியில் செண்பகத்துக்கு உத்தரவு வந்தது: விழுப்புரத்தில் ஆறு வாரப் பயிற்சி, போயே ஆக வேண்டும். அவளுக்குப் பதிலாகச் சின்னதுரை என்ற இளைஞர் வருவார்.

போவதற்கு முன் இரண்டு காரியம் செய்தாள். பன்னிரண்டு பெண்களையும் உட்காரவைத்து, "புது சாருக்கு அம்சாவைப் பத்தித் தெரியாது. நீங்கதான் பாத்துக்கணும். என்ன ஆனாலும் சரி, நான் வர்ற வரைக்கும் அவ பேர் மட்டும் அடிபடக்கூடாது" என்றாள். பல நாள் வராத பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட அரங்கநாதன் காத்துக்கொண்டிருந்தார். ஒரு தரம் அடித்தால் மறுபடி சேர்க்கமாட்டார் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும்.

இரண்டாவது, அம்சாவுக்குச் சொன்னது. டீச்சர் காணாமல் போனதாக அவள் நினைத்துவிடக் கூடாதே என்று, சிலேட்டில் தண்டவாளம் வரைந்து ஸ்டேஷன்களை வரிசையாக எழுதிக் காட்டினாள். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம். "அஞ்சாவது ஸ்டேஷன்ல டீச்சர் இருக்கேன்." அம்சா ஐந்தையும் ஒரே மூச்சில் திருப்பிச் சொன்னாள். செண்பகம் அவளைக் கட்டிக்கொண்டாள்.

சின்னதுரை கெட்டவர் அல்ல. பிரம்பு வைத்திருந்தார், அந்தக் காலத்தில் பிரம்பு இல்லாத வாத்தியார் யார்? முதல் நாள் மொய்தீன் பிச்சை தோள் துண்டைத் தூக்கிக் காட்டியபோது, "என்ன பாய், கூத்தா?" என்று விரட்டினார். மணி அடித்ததும் காதைப் பொத்திய அம்சாவின் கைகளைப் பிடித்து இழுத்து, "கையைக் கட்டு" என்றார். அவ்வளவுதான் செய்தார். மூன்றாம் நாளிலிருந்து அம்சா பள்ளி வாசல் வரை வருவாள், உள்ளே கால் வைக்கமாட்டாள். இழுத்தால் கடித்தாள். பள்ளிக்குப் பின்னால் ரயில் மேட்டில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதனடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பன்னிரண்டு பேரும் கூடிப் பேசினார்கள். அம்மாவிடம் சொன்னால் மறுபடி கயிறு. பெரிய சாரிடம் சொன்னால் பெயர் அடிபடும். டீச்சர் வர இன்னும் ஐந்து வாரம். "அது பாட்டுக்கு மரத்தடியில உக்காந்துகினு வண்டி எண்ணட்டும். நாம உள்ளேன் சொல்லிக்கினு இருப்போம்" என்றாள் ராஜாமணி. ஒன்பது வயது மூளைகளுக்கு இதைவிட நல்ல வழி எது தோன்றும்? பெரியவளான செண்பகத்துக்கே தோன்றியிருக்காது. மதியம் முறைக்காரி கிண்ணமும் தட்டுமாக மேட்டுக்குச் சோறு கொண்டுபோவாள். மாலையில் மேட்டிலிருந்தே வீட்டுக்குக் கூட்டிப்போய் விடுவாள். வகுப்பில் பெயர் கூப்பிட்டதும், "உள்ளேன் ஐயா" என்று இன்னொரு குரல் வரும். நாற்பது பெயரைப் படிக்கிற அவசரத்தில் சின்னதுரை தலை நிமிர்ந்ததே இல்லை. மல்லாட்டை சீசன் என்பதால் வெள்ளையம்மாளும் ஜன்னல் பக்கம் வரவில்லை. இப்படிப் பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை. மதியம் ராஜாமணி சோற்றோடு போனபோது மரத்தடியில் யாரும் இல்லை. வீட்டுக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பிற்பகல் வருகைக்கும் உள்ளேன் சொன்னாள்.

மாலை ஆறு மணிக்கு வெள்ளையம்மாள் மண்டியிலிருந்து வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி வந்தாள். "எம்பொண்ணு இன்னும் ஊட்டுக்கு வரலியே, டீச்சர் இல்லாத நேரத்துல இது என்ன பேஜாரு" என்று அழுதாள். அரங்கநாதன் பதிவேட்டைத் திறந்தார். காலை, பிற்பகல், இரண்டிலும் அம்சா வந்திருக்கிறாள். "பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு மேலதான் போயிருக்கு. ஒன்றரை மணி நேரத்தில் எங்கே போய்விடும்? ஏரிப் பக்கம் பாருங்கள்" என்றார். போலீசிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஊர் ஜனம் ஏரியையும் கிணறுகளையும் கலக்கியது. வெள்ளிக்கிழமையும் கலக்கியது. பதிவேடு சொல்வதை யார் சந்தேகப்படுவார்கள்?

பன்னிரண்டு பெண்களும் வாயைத் திறக்கவில்லை. பிரம்புக்குப் பயந்து மட்டுமல்ல. டீச்சருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அம்சா கிடைத்துவிடுவாள், கிடைக்கும்போது பெயர் இருக்க வேண்டும் என்று நம்பினார்கள். சனிக்கிழமை ராஜாமணிக்குக் காய்ச்சல் கண்டது. மொய்தீன் பிச்சை அவளைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடினார்.

அதன் பிறகு ஸ்டேஷன் ஸ்டேஷனாக விசாரித்ததில் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வியாழன் மதியம் மயிலம் ரயில்வே கேட்காரர் ஒரு பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். தண்டவாளத்தை ஒட்டியே நடந்து வந்ததாம். சாயங்காலம் பேரணியில் யாரோ பரிதாபப்பட்டுப் பாசஞ்சரில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை முழுக்க விழுப்புரம் ஜங்ஷனில், பிளாட்பாரத்தின் கோடியில் உட்கார்ந்திருந்ததை வடை விற்கிறவன் பார்த்திருக்கிறான். "டீச்சர், டீச்சர்னு சொல்லிக்கினு இருந்துது. யார் டீச்சர்னு கேட்டா அஞ்சு ஊர் பேரைச் சொல்லுச்சு" என்றான். மதியத்துக்கு மேல் காணோம். விழுப்புரத்திலிருந்து வண்டிகள் புதுச்சேரிக்குப் போகும், காட்பாடிக்குப் போகும், தெற்கே திருச்சிக்குப் போகும்.

வியாழன் இரவே மேட்டிலிருந்து போனது தெரிந்திருந்தால் ஒரு தந்தி போதும். அந்த வெள்ளிக்கிழமை காலையில், ஜங்ஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில், செண்பகம் பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்து குழந்தையின் மனவளர்ச்சி பற்றிக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மாலைதான் அவளுக்குச் செய்தி வந்தது. செருப்புகூடப் போடாமல் ஜங்ஷனுக்கு ஓடினாள். ஒவ்வொரு பிளாட்பாரமாக "அம்சா, அம்சா" என்று கத்தினாள். ஜனங்கள் அவளைப் பைத்தியம் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

கோடை விடுமுறை முழுக்க வெள்ளையம்மாளும் அவளும் வண்டி வண்டியாக ஏறி இறங்கினார்கள். கண்டமங்கலம், புதுச்சேரி, கடலூர், திருவண்ணாமலை. காட்டுவதற்கு ஒரு போட்டோ கிடையாது. அம்சாவை யார் போட்டோ எடுத்தார்கள்? "பத்து வயசு. காதைப் பொத்திக்கினு இருக்கும். பேசாது" என்று வெள்ளையம்மாள் ஊர் ஊராகச் சொன்னாள். அனாதை ஆசிரமம், தர்மாஸ்பத்திரி, சத்திரம், எதையும் விடவில்லை. ஓரிடத்தில் அதே வயதுப் பெண் ஒன்று மூலையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு வெள்ளையம்மாள் ஓடிப்போய் மோவாயைத் தொட்டாள். வேறு பெண். திரும்பும் வழியெல்லாம் அவள் திட்டினாலாவது தேவலை என்று செண்பகத்துக்கு இருந்தது. திட்டவில்லை. முந்தானையில் முடிந்துவைத்திருந்த மல்லாட்டையில் பாதியை அவளுக்குக் கொடுத்தாள்.

பள்ளியில், அம்சா நாலரை மணிக்கு மேல்தான் போனாள் என்று அரங்கநாதன் மேலே எழுதிப் போட்டுவிட்டார். "உண்மையை எழுதுங்கள்" என்று செண்பகம் போய் நின்றாள். "எழுதலாம். சின்னதுரை வேலை போகும், உங்கள் வேலை போகும், அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளையும் போலீஸ் கூப்பிட்டு விசாரிக்கும். எழுதவா?" என்றார். வாழ்க்கையில் முதன்முதலாக அவருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். நாலு நாள் தலையைத் தின்னும் தெம்பெல்லாம் எங்கே போனதோ. பிள்ளைகளுக்காகத்தான் பேசாமலிருந்தேன் என்று சொல்லிக்கொண்டாள். கொஞ்சம் தனக்காகவும்தான்.

ஜூனில் பள்ளி திறந்தது. பெண்கள் இடம் விட்டு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்திக்குப் பென்சில் விழுந்தால் பக்கத்திலிருப்பவள் எடுத்துக் கொடுப்பதில்லை. டீச்சர் சொல்கிறாளா என்று பார்ப்பாள். ராஜாமணி பேச்சையே குறைத்துவிட்டாள். ஒரு நாள் செண்பகம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் மேல தப்பில்லைம்மா, நான்தான் அப்படிச் சொல்லிட்டுப் போனேன்" என்றாள். ராஜாமணி தரையைப் பார்த்துக்கொண்டு, "இனிமே யாருக்கும் எதுவும் செய்யமாட்டேன் டீச்சர்" என்றாள். நல்ல பிள்ளையாக இருப்பேன் என்று சத்தியம் செய்கிற குரலில் சொன்னாள்.

அடுத்த வாரம் மதிய இடைவேளையில் வெள்ளையம்மாள் வந்தாள். கூட நூர்நிஷா என்றொரு பெண். மண்டித் தெருவில் குடியிருக்கிறவள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏழு வயது மகள். அந்தப் பிள்ளை யாரையும் பார்க்கவில்லை. பாவாடை நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது.

"இதுவும் நம்ம அம்சா மாதிரிதான் டீச்சர்" என்றாள் வெள்ளையம்மாள். "ஊட்டுக்குள்ள பூட்டி வச்சிக்கினு அழுதுகினு இருந்தாங்க. டீச்சரண்ட போலாம் வாங்கன்னு நான்தான் இட்டாந்தேன்."

செண்பகம் நாற்காலியிலிருந்து எழுந்தாள். மகளைத் தொலைத்தவளே இன்னொரு பிள்ளையைக் கூட்டி வந்திருக்கிறாள்!

"வேணாம்மா" என்றாள். "வீட்டிலேயே வச்சிக்கங்க. நான் பாத்துக்குவேன்னு சொல்ல என்னால முடியாது."

நூர்நிஷா வெள்ளையம்மாளைப் பார்த்தாள். வெள்ளையம்மாளுக்குப் புரியவில்லை. "ஒன்றரை வருஷம் டீச்சர். எம்பொண்ணு பொறந்ததுலேர்ந்து அந்த ஒன்றரை வருஷந்தான் சிரிச்சிக்கினு இருந்துது. ஜன்னலாண்ட நின்னு நான் பாத்திருக்கேனே. அந்த மாதிரி இதுவும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னுதான்..."

"முடியாதும்மா. தயவு செஞ்சி போங்க."

வெள்ளையம்மாள் திரும்பி அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப எம்பொண்ண மட்டும் ஏன் டீச்சர் சேத்துக்கினீங்க?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். செண்பகம் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நூர்நிஷா மகளின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கக்கா, போலாம்" என்றாள்.