மாஸ்க் ஒட்டும் முகம்

அப்பாவின் தாடியை எடுத்தே ஆகவேண்டும் என்று முதலில் சொன்னது மெஷின்தான். ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்தனுப்பிய மூச்சு மெஷின். அதன் மாஸ்க்கை மூக்கும் வாயும் மூடும்படி கட்டினால் காற்றை உள்ளே தள்ளும். கட்டினோம். காற்று தாடிக்குள் புகுந்து, இரண்டு கன்னத்திலும் விசிலடித்துக்கொண்டு வெளியே போனது. சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் கத்தியது.

வாரம் இரண்டு முறை வந்து பார்க்கும் நர்ஸ் மாஸ்க்கை இழுத்து இழுத்துக் கட்டிப் பார்த்தார்.

"இந்தத் தாடியோட ஒட்டாதும்மா. பாதிக் காத்து வெளியதான் போகுது. டிரிம்மர் போட்டாலும் குத்து முடி நிக்கும், அதுலயும் லீக் ஆகும். சுத்தமா வழிச்சிடணும். இல்லேன்னா திரும்ப அட்மிட் பண்ணி, தொண்டையில குழாய்தான்."

அப்பா தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. குழாய்க்குச் சொல்கிறார் என்று நர்ஸ் நினைத்திருப்பார். அப்பாவின் கை தாடையைப் பொத்திக்கொண்டதை நானும் அம்மாவும்தான் பார்த்தோம்.

இருபத்தாறு வருடம் அப்பா பார்த்தது மணல் பீய்ச்சும் வேலை. துருப்பிடித்த இரும்புத் தகட்டின் மேல் மணலை வேகமாகப் பீய்ச்சினால் துரு உதிரும். மணலும் உடைந்து மாவாகும். அந்த மாவு நெஞ்சுக்குள் போகாமலிருக்க மாஸ்க். மாஸ்க் ஒட்டவேண்டுமானால் முகம் மழுமழுவென்று இருக்கவேண்டும். அதனால் தினமும் ஷிஃப்டுக்கு முன்னால் வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். சூப்பர்வைசர் ஒரு பஞ்சை எடுத்து ஒவ்வொருவர் தாடையிலும் கீழிருந்து மேலாகத் தேய்ப்பார். ஒரு இழை சிக்கினாலும் அன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போ. பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் மோவாயைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

தினமும் பஞ்சை மாற்றினார்கள். மாஸ்க்கின் வடிகட்டியை மாற்றவில்லை. தாடையைச் சோதிக்க ஆள் போட்ட கம்பெனிக்கு வடிகட்டியைச் சோதிக்க ஆள் கிடைக்கவில்லை. அந்த வேலையின் சம்பளத்தில்தான் நான் காலேஜுக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பெருமையாகச் சொல்ல வேண்டிய விஷயம், சொல்லும்போதெல்லாம் வாய் கசக்கிறது.

நெஞ்சு கெட்டு வேலையை விட்ட அன்று அப்பா ரேசர், பிரஷ், கிண்ணம் எல்லாவற்றையும் குப்பையில் போட்டார். "இனிமே எவனும் என் மூஞ்சியில பஞ்சு வைக்க மாட்டான்" என்றார். தாடி வளர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் "என்ன சாமி, ஆசிரமம் எப்போ?" என்று கேட்டால் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "உன்னைச் சேத்துக்க மாட்டேன்" என்பார். ஐந்து வருடமாக அவர் தனக்கென்று வைத்திருந்த ஒரே பொருள் அந்தத் தாடி.

எனக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்தும் மறுநாள் ரேசரும் பிரஷும் வாங்கக் கடைக்குப் போனேன்.

டப்பாவை அமுக்கினால் வரும் நுரை ஆகாது, அந்த வாசனைக்கே இருமல் வரும். வாசனையில்லாத சோப்பும் பிரஷும்தான் வழி. மாத்திரைகளைத் தின்று தின்று அப்பாவின் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகியிருந்தது. விரல் அழுந்தினால் கன்றிப்போகும். பழைய பன்றிமுடி பிரஷ் மாதிரி எதையும் அதில் வைக்க முடியாது.

"வீட்டுக்காரருக்கா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"அப்பாவுக்கு."

"அப்ப இத எடுங்க. பேட்ஜர் முடி. ராஜா மாதிரி இருக்கும்."

"ராஜாவுக்கு நெஞ்சு சரியில்ல. நனைஞ்சா நாத்தம் அடிக்குமா?"

"மிருக முடி இல்லையா, மொதல்ல லேசா அடிக்கும். அப்புறம் பழகிடும்."

"பழகுற அளவுக்கு நேரமில்ல. செயற்கை இழையில காட்டுங்க."

அவர் முகம் சுருங்கியது. "அது பிளாஸ்டிக் மேடம்."

"நான் போட்டிருக்கிற துணியும் பிளாஸ்டிக்தான். காட்டுங்க."

நான்கு பிரஷ்களை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றாக என் கன்னத்தில் வைத்து அழுத்தினேன். முதலாவதன் முடி குட்டை, திருப்பித் தள்ளியது. இரண்டாவது துவண்டு விழுந்தது. மூன்றாவதன் நுனி குத்தியது. நான்காவது அடர்த்தியாக இருந்தது. ஆனால் அழுத்தினால் மெதுவாக விரிந்து கொடுத்தது. நுனி பட்டதே தெரியவில்லை. கைப்பிடியில் வரி வரியாக இருந்ததால் ஈரத்திலும் வழுக்காது.

பிளேடு வாங்க வந்த ஒருவர் பக்கத்தில் நின்று, "மீசை வந்திடுச்சாம்மா?" என்று சிரித்தார்.

"வந்ததும் உங்களுக்குத்தான் மொதல்ல காட்டுவேன்" என்றேன். அதன்பின் அவர் பிளேடை மட்டும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து பிரஷ்ஷை அப்பாவின் கட்டில் மேல் வைத்தேன். அவர் பார்த்தார். மாஸ்க்கைக் கழற்றினார்.

"வேணாம்."

"ஏன் வேணாம்? சாகணுமா?"

"என் மூஞ்சி."

"உங்க மூஞ்சிதான். யாரு இல்லேன்னா? நான் என்ன சூப்பர்வைசரா?"

அப்பா மூச்சு சேர்த்துக்கொண்டார். ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. "படிச்சு... நீயும்... அங்கதான் வந்து நிக்கிறே."

நான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டேன். சுவரைக் குத்தவேண்டும் போலிருந்தது. அம்மா, "விடுடி, நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

அவள் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். கட்டிலோரத்தில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் மாஸ்க்கைத் தாடியோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தாள். பிடித்திருந்தால் விசில் நின்றது. கையை எடுத்தால் மெஷின் கத்தியது. நான் வேலைக்குப் போகும்போதும் பிடித்திருந்தாள், திரும்பி வரும்போதும் பிடித்திருந்தாள். "நான் பிடிக்கிறேன், நீ எழுந்திரு" என்றால், "உனக்கு அழுத்தம் தெரியாது" என்பாள். மூன்றாம் நாள் காலை, டீ டம்ளரை எடுக்கப் போனவளின் விரல்கள் மடங்கவில்லை. டம்ளர் விழுந்தது. சூடான டீ காலில் கொட்டியது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று விரைத்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அப்பா அவள் காலைப் பார்த்தார், முந்தானையைப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "பட்டதாரி, எடு" என்றார்.

நான் கத்தரியால் தாடியை ஒட்ட வெட்டினேன். அம்மா ஒரு டம்ளர் வெந்நீரில் பிரஷ்ஷை ஊறப்போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். இருபத்தாறு வருடமும் அப்படித்தான் செய்திருக்கிறாள். டீ கொதிப்பதற்குள் பிரஷ் ஊறியிருக்கவேண்டும். நானும் யோசிக்காமல் வாங்கி, சோப்பில் சுழற்றி, அப்பாவின் கன்னத்தில் வைத்தேன். நுரை வரவில்லை. தண்ணீர் கொடகொடவென்று கொட்டி வாய்க்குள் போனது. அப்பாவுக்குப் புரையேறியது. முகம் நீலமானது. அவரைத் தூக்கி உட்கார வைத்து மாஸ்க்கை அமுக்கினோம். மூச்சு திரும்ப நெடுநேரம் ஆனது.

பன்றிமுடி தண்ணீரைக் குடிக்கும். இந்த இழை குடிக்காது. இடையில் வெறுமனே தேக்கி வைத்துக்கொண்டு, அழுத்தியதும் கொட்டிவிடும். வேதியியல் பரீட்சையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான். என் அப்பாவின் வாயில் தண்ணீர் போனபிறகுதான் புரிந்தது.

"கொல்லப் பாத்துட்டியே" என்றார் அப்பா, மூச்சு வந்ததும். சிரிக்கத்தான் பார்த்தார்.

இரண்டாம் தடவை நுனியை மட்டும் நனைத்தேன். இரண்டு உதறு. சோப்பின் மேல் முப்பது சுற்று. தயிர் மாதிரி கெட்டியாக வந்தது நுரை. வட்டமாகத் தேய்க்கவில்லை, சுவருக்கு வெள்ளையடிப்பது மாதிரி மேலும் கீழுமாகத் தடவினேன். ரேசர் போனவிடத்தில் தாடிக்குக் கீழே ஒரு முகம் வந்தது. சின்ன முகம். கன்னம் உள்ளே விழுந்து, எனக்கு முன்பின் தெரியாத ஒரு கிழவர். அப்பா கண்ணை மூடியே வைத்திருந்தார். கண்ணாடி கேட்கவில்லை.

மாஸ்க் ஒட்டியது. மெஷின் அமைதியானது. அம்மா அன்றைக்குத்தான் படுத்துத் தூங்கினாள்.

பதினெட்டு நாள், தினமும் வேலைக்குப் போகுமுன் ஷேவ் செய்தேன். பிரஷ்ஷைக் கழுவி உதறித் தலைகீழாக மாட்டினால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். நர்ஸ் பாராட்டினார். அப்பாவிடம் "நல்லா இருக்கீங்களே" என்றார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். என்னிடமும் அவ்வளவாகப் பேசவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை நுரை கலக்கிக்கொண்டு போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னைக்கு வேணாம்."

"நாளைக்குப் பண்ணிக்கலாமா?"

"நாளைக்கும்... வேணாம்."

எனக்குச் சண்டை போடத் தெரியும். அன்றைக்கும் வாயில் வார்த்தை வரிசையாக நின்றது. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரஷ்ஷில் இருந்த நுரை அடங்கி, தண்ணீராகி, என் முழங்கை வரை வழிந்தது.

டாக்டருக்குப் போன் செய்தேன். "மெஷினால நுரையீரல் திரும்ப வராதும்மா. கொஞ்ச நாள் கூட்டும், அவ்வளவுதான். அவருக்கு எது வேணுமோ அதைச் செய்ங்க" என்றார். மூச்சுத் திணறலுக்கு நர்ஸிடம் மருந்து கொடுத்தனுப்பினார். மூக்கில் மெல்லிய ஆக்சிஜன் குழாய் மட்டும் போட்டோம். மாஸ்க்கை நான்தான் கழற்றி, மடித்து, பையில் போட்டேன்.

முதல் நாள் தாடையில் வெள்ளையாகத் தூவினது போலிருந்தது. இரண்டாம் நாள் அப்பா அதைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கையால், புறங்கையால், திரும்பவும் உள்ளங்கையால். மூன்றாம் நாள் என் கையை எடுத்து அதன் மேல் வைத்தார். சொரசொரவென்று இருந்தது. "பாரு" என்றார். அதற்கு மேல் பேச மூச்சில்லை. நான்காம் நாள் பிற்பகலில் போய்விட்டார்.

ஊரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், எதையும் முறையாகச் செய்யவேண்டும் என்பவர். அப்பாவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா, மூஞ்சிய மட்டும் வழிச்சு விட்டுடலாமே? நாலு பேர் வந்து பாப்பாங்க. உன்கிட்ட பிரஷ் கூட இருக்காமே" என்றார்.

"அவர் மூஞ்சியில யாரும் கை வைக்கக் கூடாது மாமா."

"சுத்தமா இருக்கட்டும்னுதான் சொன்னேன்..."

"கை வைக்கக் கூடாது."

மாமா மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா எழுந்து, அவருக்கும் அப்பாவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள்.