உம்மாவும் கூடப் போனால்

டொறீன் டீச்சர் வந்தபோது புஹாரி பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் கடை அவருடையது. டீச்சர், புஹாரியின் மகள் அம்றா படித்த பள்ளிக்கூடத்தில் சாரணியர் குழுவுக்குப் பொறுப்பானவர். உயர்தரப் பரீட்சை முடிந்த பிறகும் அம்றா சனிக்கிழமைகளில் அந்தக் குழுவோடுதான் திரிந்தாள்.

"பழைய சாரணியர் சங்கம் ஒண்ணு புலமைப்பரிசில் குடுக்குறாங்க," என்றார் டீச்சர். "சின்னதுல இருந்து சாரணியத்துல விடாம இருந்த பிள்ளைங்களுக்கு மட்டுந்தான். கொழும்புல மெடிக்கல் லேப் படிப்பு முடியுற வரைக்கும் எல்லாம் அவங்க பொறுப்பு. அம்றாகிட்ட எல்லாத் தகுதியும் இருக்கு. ஒண்ணுதான் குறை. பிள்ளை ஒரு கேம்ப்லயும் தங்கினதில்ல. வாற ஆகஸ்ட் கேம்புக்கு ரெண்டு ராத்திரி அனுப்பினா போதும்."

ஏன் தங்கவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வஹகோட்டைத் தேவாலயத் திருவிழாவில் முதலுதவிக் கூடாரத்தில் நிற்கவும், ஊர்க் குளத்துக் கரையைத் துப்புரவாக்கவும் வாப்பா புஹாரி அனுப்பினார். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்கு முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். முகாம் என்றால் மட்டும் ஒவ்வொரு வருஷமும் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிடுவார்.

அவர் கடுமையான மனிதர் இல்லை. சங்கடத்தோடு சிரித்தார். "வயசு வந்த புள்ள, டீச்சர். ரெண்டு ராத்திரி வெளிய விடுறதுண்டா..." பேச்சை அதோடு முடித்துவிட நினைத்தாரோ என்னவோ, "அவட உம்மாவும் கூடப் போனா அனுப்புறேன்," என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து பிரசவத்துக்கும் மரண வீட்டுக்கும் தவிர அவர் மனைவி றிஸ்லா வேறெங்கும் இரவு தங்கியதில்லை. அது அவருக்குத் தெரியும். றிஸ்லா கறிக்கோப்பையை மேசையில் வைத்தாள்.

"அப்ப நான் போறேன்," என்றாள்.

புஹாரி பிசைந்த சோற்றை வாயில் வைக்க மறந்து அவளைப் பார்த்தார். டீச்சர் முன்னால் கொடுத்த வாக்கு. திருப்பி எடுக்க முடியவில்லை.

ஆகஸ்ட் விடுமுறையில் முகாம். எல்கடுவை என்ற மலையூருக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் ஒரு பழைய விளையாட்டு மைதானம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் றிஸ்லா சமையல் இடம் எங்கே என்று தேடிப் போனாள். தன்னை அதற்குத்தான் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

"இல்ல ஆன்ட்டி, நாங்கதான் சமைக்கணும். அதுக்கும் மார்க்ஸ் இருக்கு. நீங்க உக்காருங்க," என்றாள் றிப்னா என்ற பிள்ளை.

உட்கார்ந்தாள். மடியில் கிடந்த கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. சோறு அடிப்பிடிக்கும் மணம் வந்தது. எழுந்து ஓடப்போனவளை அம்றா பார்வையாலேயே உட்கார்த்தினாள். கருகிய சோற்றையும் தண்ணீராய் ஓடிய பருப்பையும் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துத் தின்றார்கள். றிஸ்லாவும் தின்றாள். யாரும் அவளிடம் உப்பு கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. மாலையில் விறகைக் குவித்துத் தீ மூட்டி, சுற்றி நின்று பாடினார்கள். ஒரு பக்கம் அம்றாவின் கை, மறுபக்கம் பெயர் தெரியாத, தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளை ஒருத்தியின் கை. பாட்டு தெரியாத றிஸ்லா வாயை மட்டும் அசைத்தாள். இரண்டாம் சுற்றில் சத்தமும் வந்துவிட்டது.

மறுநாள் விடியலில் சுபஹ் தொழுதுவிட்டுக் கூடாரத்து வாசலில் இருந்தாள். மலையும் தெரியவில்லை, மைதானமும் தெரியவில்லை, எங்கும் பனி. அதற்குள்ளிருந்து அந்த லயத்துப் பிள்ளை ஒரு கோப்பை பால் விடாத பிளேன்டீயோடு வந்து, "ஆன்ட்டிக்கு," என்று நீட்டிவிட்டுப் போனாள். கையில் வாங்கிய றிஸ்லாவுக்கு அது ஆறிப்போகும் வரை குடிக்கத் தோன்றவில்லை. தான் ஊற்றாத முதல் காலைத் தேநீர் அது.

அம்றாவுக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. நேர்முகத்தில் முகாமைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம். "உம்மாவும் வந்தாங்கண்டு சொன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க, நல்லமாதிரி," என்றாள். தை மாதம் புஹாரியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போய் மகளை விடுதியில் விட்டு வந்தார். வந்தவர் அன்று கடைக்குப் போகவில்லை.

வீடு வெறிச்சோடிப் போனது. பக்கத்து வீட்டு றுஸ்னா, "மகள்ட நெனப்பா? மொகமெல்லாம் வாடிப் போச்சே," என்று கேட்கும்போதெல்லாம் றிஸ்லா ஆமென்று தலையாட்டினாள். அது பொய் இல்லை. ஆனால் விடியலில் அடுப்பைப் பற்றவைத்துக் கேத்தலை வைக்கும்போது அவள் மனம் கொழும்புக்குப் போகவில்லை. எல்கடுவைக்குத்தான் போனது. அந்தப் பனியில் போய் நின்றது. பெற்ற பிள்ளையை விட ஒரு மைதானத்தை நினைத்து ஏங்குகிறோமே என்று வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் டொறீன் டீச்சருக்குப் போன் எடுத்தாள்.

"அடுத்த கேம்ப் எப்ப, டீச்சர்?"

"அம்றாதான் கொழும்புல இருக்காளே?"

"அம்றாக்கு இல்ல. எனக்கு."

பெரியவர்களும் உதவித் தலைவிகளாகச் சேரலாம், வெள்ளிக்கிழமை வரும் போயா என்ற பௌர்ணமி விடுமுறையில், சனி ஞாயிறையும் சேர்த்து, மறுபடியும் எல்கடுவையில்தான் முகாம் என்றார் டீச்சர்.

புஹாரிக்கு விளங்கவில்லை. "மகள் இல்லாம நீ எதுக்குப் போற?"

"எனக்கு ஆசையா இரிக்கு."

அந்தச் சொல்லை அவள் தனக்காகச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. இடுப்புச் சாரத்தைச் சரிசெய்தபடி முற்றத்துக்குப் போனார். திரும்பி வந்து, "குளிர் உடுப்பு கொண்டு போ," என்றார்.

அந்த வாரமே அம்றா போன் பண்ணினாள். "விடுதிச் சோறு தொண்டையால எறங்குதில்ல உம்மா. போயா லீவுக்கு வீட்ட வாறேன். உங்கட கையால சாப்பிடணும்."

றிஸ்லா சுவரில் சாய்ந்துகொண்டாள். வா மகள், நான் இருக்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. "நான் அண்டைக்கி கேம்புக்குப் போறேன் மகள். வாப்பா இரிக்கார். கறி ஆக்கி வெச்சிட்டுப் போவேன்."

அம்றா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நீங்க இல்லாட்டி அது வீடா உம்மா?"

அந்தக் கேள்வி றிஸ்லாவோடு மலையேறியது. அங்கே பனி இருந்தது, பாட்டு இருந்தது, இந்த முறை பாட்டும் தெரிந்திருந்தது. அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் காலையில் கோப்பை கைக்கு வந்தபோது, வாப்பா கடைக்குப் போனபின் வீட்டு மேசையில் முந்தின நாள் கறியைச் சூடாக்கித் தனியே தின்னும் மகள் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தாள். எங்கே போனாலும் இன்னோர் இடம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு பகல் எல்கடுவை பஸ் மாத்தளை ஸ்டாண்டுக்குள் நுழையும்போது கொழும்பு பஸ் புறப்பட நின்றது. அதன் பக்கத்தில் பையோடு அம்றா. உம்மாவைப் பார்த்துவிட்டுப் போக, இரண்டு பஸ்களை ஏறாமல் விட்டுவிட்டு நின்றிருக்கிறாள். றிஸ்லா இறங்கி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அம்றா அவள் தோளில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள்.

"விறகுப் புகை மணக்குது, உம்மா."

"குளிக்கவும் இல்ல."

"பரவாயில்ல. இப்படியே கொஞ்சம் நில்லுங்க."

கண்டக்டர் பஸ்ஸின் பக்கத்தைத் தட்டி, "கொலம்ப, கொலம்ப!" என்று கத்தினான். இருவரும் அசையவில்லை.