முத்திருளன் முதுகில் ஏறியவர்

1924ஆம் வருஷம் ஆவணி மாதத்து ஒரு புதன்கிழமை, எழுமலையிலிருந்து மொச்சை மூட்டையோடு உசிலம்பட்டிச் சந்தைக்கு நடந்துகொண்டிருந்த முத்திருளனின் முதுகில் கடவுள் ஏறிக்கொண்டார். முத்திருளனுக்கு அப்போது இருபத்தேழு வயது. மூட்டை தலையில் இருந்ததால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. யாரது என்று கேட்டான். நீங்களெல்லாம் கும்பிடுகிற ஆள்தான், கால் வலிக்கிறது என்று பதில் வந்தது. எந்தச் சாமி என்று கேட்டதற்கு எல்லாந்தான் என்று சொல்லிவிட்டு அவர் அவன் தோள்களைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. சந்தையில் மூட்டையை இறக்கிய முத்திருளன் அவரையும் இறக்கப் பார்த்தான். முடியவில்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, தராசில் நின்றால் அவன் எடை மட்டுமே காட்டும். ஆனால் அவன் நடந்த தடம் இரண்டு ஆள் நடந்த தடத்தின் ஆழம் இருந்தது. மேற்கத்தி ஊர்களில் குற்றப்பரம்பரைச் சட்டப்படி ஆண்பிள்ளைகள் போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கைரேகை வைக்க வேண்டியிருந்த காலம் அது. காலடி பார்த்தே திருடனைப் பிடிக்கத் தெரிந்த ஏட்டு ஒருவர் அவன் தடத்தை வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, வந்தது ஒருவர், தடம் இருவர் என்று எழுதி மையொற்றினார்.

அவன் பெண்டாட்டி அன்னக்கொடி முதல் மாதம் நம்பவில்லை. இரண்டாம் மாதம் நம்பினாள். நம்பியபின்தான் அவளுக்குக் கோபம் வந்தது. முத்திருளனால் மல்லாந்து படுக்க முடியாது, சுவரில் சாய முடியாது, மகளை உப்புமூட்டை தூக்க முடியாது. இவ்வளவு பெரிய ஊரில் வேறு முதுகே கிடைக்கவில்லையா என்று கேட்டாள். அவன் எங்கேயாவது இறக்கிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். அப்படிக் கிளம்பியது இருபத்திரண்டு வருஷம் நீண்டது.

முதலில் உள்ளூர்க் கருப்பு கோயில் பூசாரி பேயாண்டியிடம் போனான். பேயாண்டி ஒரு கிடாயை வெட்டினார், சாம்பிராணி போட்டார், அரிவாளை முதுகுக்குக் குறுக்கே வீசினார். ஒன்றும் அசையவில்லை. நம்ம சாமி ஆள் மேல் இறங்கும், ஆடும், குறி சொல்லும், அரைமணி நேரத்தில் மலையேறிவிடும், இப்படி வந்து உட்கார்ந்துகொள்கிற பழக்கம் அதற்கு இல்லை என்று சொல்லி, கறியில் ஒரு பங்கு கொடுத்தனுப்பினார். மதுரைக்கு வந்து பெரிய கோயிலில் நின்றபோது பாரம் ஒருமுறை இறங்கப்போவது போல அசைந்தது. உள்ளே திருவிழாக் கூட்டம். அதைப் பார்த்ததும் மறுபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

முதுகுப் பாரத்தோடு பாதி மூட்டைதான் தூக்க முடியும், ஊருக்குத் திரும்பினால் கூலியும் பாதிதான் என்பதால் அவன் மதுரையிலேயே சிம்மக்கல்லில் ஒரு பருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அன்னக்கொடியையும் மகளையும் வரவழைத்துக்கொண்டான். அங்கேதான் சாயப்பட்டறை வைத்திருந்த ராமதாஸ் அவனைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார். பட்டுநூல்காரர், வாரந்தோறும் வீட்டில் பஜனை நடத்துகிறவர். முத்திருளனின் முதுகைத் தொட்டவுடன் சின்னப் பாதம், கொலுசு போட்டிருக்கிறது என்று அழுதார். மூன்று வாரம் அவனைத் தன் வீட்டில் வைத்துப் பாடினார். அவர் மனைவி ராதாமணி தினமும் அவன் தோளருகே வெண்ணெய் வைத்தாள். வெண்ணெய் வைத்தபடியே இருந்தது, சாயங்காலம் முத்திருளன் தின்றான். அந்த மூன்று வாரத்தில்தான் அவன் உடம்பு கொஞ்சம் தேறியது. ஆனாலும் அவர் சொன்ன அந்தக் குழந்தை இறங்கவில்லை. பாட்டுச் சத்தத்தில் தூக்கம் கெட்ட மாதிரி அடிக்கடி புரண்டது.

மாட்டு வியாபாரி மஸ்தான் ராவுத்தர் இதையெல்லாம் ஒப்புக்கொள்ளவில்லை. அல்லாவுக்கு உடம்பும் கிடையாது, எடையும் கிடையாது, அவனை ஒருத்தன் முதுகில் ஏற்றுவதே பாவம், உன் மேல் இருப்பது வேறு ஏதோ கவலை என்றார். கவலைக்காரனை நடக்கவிடக் கூடாது என்று தன் வண்டியில் ஏறச் சொன்னார். முத்திருளன் ஏறியதும் இரண்டு காளைகளும் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டன. ராவுத்தர் இறங்கி, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, காளவாசல் வரை அவன் கூடவே நடந்து வந்தார். செக்கானூரணிப் பக்கத்து கிறிஸ்தவ வேதக்கோயில் உபதேசியார் எங்கள் ஆண்டவர் பாரம் சுமக்கிறவர், அடுத்தவன் மேல் ஏறுகிறவரல்ல என்று சொல்லிவிட்டு, அவன் தோளில் காய்த்துப்போன இடங்களைக் கண்டு தன் மேல்துண்டை மடித்து அங்கே வைத்துவிட்டார். சமணர் மலையில் மட்டும் கொஞ்சம் ஆறுதல். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பாறையில் செதுக்கி வைத்த அம்மணச் சாமியார்கள் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கடவுளிடம் எதையும் கேட்காதவர்கள் என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பாறையடியில் குப்புறப் படுத்தால் முதுகில் இருப்பது லேசாகும். அதற்காகவே முத்திருளன் வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கே போய்வந்தான்.

1931இல் அன்னக்கொடி மகளைக் கூட்டிக்கொண்டு எழுமலையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் அவளைத் தடுக்கவில்லை. வருகிறவர்களெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் பேசினார்கள், அழுதார்கள், பிள்ளைவரம் கேட்டார்கள். முன்பக்கம் வந்து அவன் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. நான்கு வருஷம் கழித்து அவள் திரும்பி வந்தபோது அவனுக்கு முடி நரைத்திருந்தது. அவனுடைய கூனைப் பார்த்துவிட்டு அவள் உலை வைத்தாள். யுத்தம் வந்தது, அரிசிக்கு வரிசை வந்தது, மகளைக் கட்டிக்கொடுத்தார்கள். கருஞ்சட்டை போட்ட இளைஞன் ஒருவன் கடவுள் இல்லை என்பதை நிரூபிக்க வந்து, முதுகில் கை வைத்து, வலிக்கிறதா என்று கேட்டான். பிறகு, “இது சதைப்பிடிப்புண்ணே” என்று சொல்லி வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டான். வலிக்கிறதா என்று கேட்டவர்களில் அவன்தான் முதல் ஆள்.

1946 பங்குனியில், நாகமலைச் சரிவில், நடுப்பகலில் முத்திருளன் விழுந்துவிட்டான். அவனும் அன்னக்கொடியும் சமணர் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இனி எழுந்திருக்க மாட்டேன், இங்கேயே கிடக்கிறேன், நீ போ என்றான். சாகப்போகிறவனின் குரல் அன்னக்கொடிக்குத் தெரியும், அப்பன் குரலைக் கேட்டிருக்கிறாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு அவன் பக்கத்தில் முதுகைத் திருப்பி, இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

“கொஞ்ச நேரம் எங்கிட்டக் குடுய்யா.”

“ஒன்னால தாங்க முடியாது.”

“குடுய்யா.”

அவன் எதுவும் செய்யவில்லை, எதுவும் செய்யத் தெரியவுமில்லை. ஆனால் பாரம் தானாகவே ஊர்ந்து அவள் தோளுக்கு மாறியது. அன்னக்கொடி நிமிர்ந்தாள். நாலு எட்டு நடந்து பார்த்தாள். இருபது வருஷமாக இரண்டு குடம் தண்ணீரும் விறகுக்கட்டும் சுமந்த முதுகு அது.

“இம்புட்டுத்தானா?” என்றாள்.

முத்திருளனுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இதை ஏன் இத்தனை காலம் செய்யவில்லை என்று கேட்டான்.

“எங்க எறக்கன்னுதானய்யா ஊரெல்லாம் கேட்ட. மாத்திக்கிறியான்னு ஒருத்தர்கிட்டயும் கேக்கல. எனக்கும் தோணல.”

அவன் அந்தச் சரிவிலேயே மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்தபடி பொழுது சாயும்வரை தூங்கினான். அவள் வெயில் அவன் முகத்தில் படாதபடி நின்றுகொண்டிருந்தாள்.

அதன்பின் அவள் சுமந்தாள், வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கும்போது அவன் வாங்கிக்கொண்டான். அவனுடைய கூன் நிமிரவில்லை, ஆனால் அவன் சாகவுமில்லை. சாமி எப்படி இருக்கிறது என்று ஜனங்கள் அவளிடம் கேட்டால், “ரொம்ப அசந்து தூங்குது. அம்புட்டுத்தான் தெரியும், எழுப்பாதீங்க” என்பாள். கொஞ்ச நாளில் ராமதாஸ் ஒரு வாரம் கேட்டு வாங்கினார், பாடாமல் வைத்திருந்தார். உபதேசியார் ஒரு நாள் சுமந்தார். பேயாண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ராவுத்தர், அது என்னவோ ஏதோ, ஒரு பொம்பளை இந்த வயதில் சுமக்கக் கூடாது என்று சொல்லி மாதத்தில் இரண்டு நாள் வாங்கிக்கொண்டார், அன்றைக்கு வண்டி பூட்டமாட்டார். கருஞ்சட்டைக்காரனும் வந்து போனான், அவன் எதற்கு வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர்களில் யார் யார் சிம்மக்கல்லுக்குப் பருப்பு வாங்க வந்தாலும், கடைக்காரர் இன்றைக்குச் சாமி யாரிடம் என்று கேட்பார். வைத்திருப்பவர் கையைத் தூக்குவார். அவருக்கு மட்டும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, இந்த வாரம் துவரை வரத்துக் குறைவு என்று கடைக்காரர் ஆரம்பிப்பார்.