ரசாயனம் துளியும் இல்லை

கம்பெனிப் பெண் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டேதான் பார்லருக்குள் நுழைந்தாள். கிரீம் டப்பாக்களைப் பார்லர் பார்லராகக் கொண்டுபோய்ப் போடுவதுதான் அவள் வேலை. "அக்கா, புதுச் சரக்கு வந்திருக்கு!" என்றாள். பார்லர்க்காரி திரையை விலக்கி உள்ளே கை காட்டினாள்.

உள்ளே சாய்வு நாற்காலியில் பார்லர்க்காரியின் தங்கை கிடந்தாள். நெற்றியும் கன்னங்களும் கன்றிச் சிவந்து, கொப்புளம் உடைந்த இடமெல்லாம் பொருக்குத் தட்டியிருந்தது. சிரித்தால் தோல் இழுத்தது. அழுதால் கண்ணீர் பட்டு எரிந்தது. பாவம், அழக்கூட வழியில்லாமல் கிடந்தாள்.

எல்லாம் அந்தப் பச்சை டப்பா செய்த வேலை. அட, அதைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? மூடியில் ஓர் இலைப் படம். பக்கவாட்டில், 'ரசாயனம் துளியும் இல்லை. தூய்மையான அழகு. கைக்குழந்தைக்கும் பூசலாம்.' இதற்கு மேல் ஒருத்தி என்னதான் கேட்பாள்?

இத்தனைக்கும் பார்லர்க்காரி லேசுப்பட்டவள் இல்லை. எந்தப் புது கிரீம் வந்தாலும் முதலில் தன் புறங்கையில் தடவிக்கொண்டு, ஒரு நாள் முழுக்க வெயிலில் திரிந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் முகத்தைத் தொடுவாள். மற்ற பார்லர்க்காரிகள் இதற்காக அவளைக் கேலி செய்வதுண்டு. இந்த டப்பாவுக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. ரசாயனமே இல்லாத சாமானில் சோதித்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

தங்கைக்குப் பெரிய ஓட்டல் ஒன்றின் வரவேற்பில் வேலை கிடைத்திருந்தது. எத்தனை இடம் ஏறி இறங்கிக் கிடைத்த வேலை! சேரப்போகும் அன்று காலையில், "பளிச்சுனு போய் நில்லுடி" என்று அக்காவே கிரீமைப் பூசிவிட்டாள். பஸ் நிறுத்தத்தில் கூரை கிடையாது, பஸ்ஸும் சீக்கிரம் வரவில்லை. சாயங்காலம் முகம் எரிந்தது, மறுநாள் கொப்புளித்தது. "குணமாகட்டும், சொல்லி அனுப்புறோம்" என்றார் ஓட்டல் மேலாளர். நேற்று சொல்லி அனுப்பிவிட்டார். வேறு பெண்ணை எடுத்துக்கொண்டார்களாம்.

தோல் டாக்டர் டப்பாவின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "எலுமிச்சைத் தோல் எண்ணெய்மா. இதைப் பூசிக்கிட்டு வெயில்ல போனா தோலைப் பொசுக்கிடும். இயற்கையா வந்ததுன்னா சும்மா விட்டுடுமா?"

இப்போது கம்பெனிப் பெண் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, மனப்பாடம் செய்தவளைப்போல ஒப்பித்தாள். "பயப்படாதீங்கக்கா. உடம்புல இத்தனை வருஷமா சேர்ந்த அழுக்கெல்லாம் வெளிய வருது. விடாம பூசச் சொல்லுங்க. வேணும்னா ஒரு பெரிய டப்பா சும்மாவே தர்றேன்."

பார்லர்க்காரிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அழுக்காமே, அழுக்கு! பெண்ணைப் பொசுக்கிப் போட்டதும் போதாதென்று, பழியையும் அவள் உடம்பின் மேலேயே போடுகிற இந்தக் கூட்டத்தை எதனால் அடிப்பது? டப்பாவைத் திறந்து கிரீமை விரல் நிறைய வழித்தாள்.

"உன் உடம்புலயும் அழுக்கு இருக்கும்ல? வா, பூசி விடறேன். பூசிக்கிட்டு அந்த வாசல்ல போய் நில்லு."

வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கம்பெனிப் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "வேணாம்க்கா."

"ஏன்? கைக்குழந்தைக்கே பூசலாமே! உனக்கென்ன கேடு?"

"வேணாம்க்கா, ப்ளீஸ். வெளிய போறப்ப பூசிக்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்க."

பார்லர்க்காரியின் கை அப்படியே நின்றது. "யாரு சொன்னா?"

"ட்ரெயினிங்லயே சொன்னாங்க. எங்ககூட வேலை பார்த்த பொண்ணு ஒருத்திக்கு இதே மாதிரி ஆயிடுச்சு."

"அடிப்பாவி! அப்ப டப்பாவுல ஏன் போடல?"

"போட்டா யாருக்கா வாங்குவாங்க?"

பார்லர்க்காரி கையைத் துடைத்தாள். இதே டப்பாவை அவளும்தான் நம்பி வந்த பெண்களுக்கு விற்றிருக்கிறாள். போனை எடுத்து, அவர்களில் ஒருத்தியின் எண்ணை அழுத்தி, கம்பெனிப் பெண்ணிடம் நீட்டினாள். "பேசு. என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லு."

"ஐயோ அக்கா, என் வேலை போயிடும்!"

திரை விலகியது. தங்கை எழுந்து வந்து வெளிச்சத்தில் நின்றாள். உதட்டைப் பெரிதாக அசைக்காமல் சொன்னாள்.

"எனக்குப் போயிடுச்சு."

கம்பெனிப் பெண்ணால் அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போனை வாங்கிக்கொண்டாள். மறுமுனையில் ஒரு பெண், "சொல்லுங்கக்கா, வெளிய கிளம்பிட்டிருக்கேன்" என்றாள்.

"நான் அந்த கிரீம் கம்பெனிலேர்ந்து பேசுறேங்க. முகத்தைக் கழுவிடுங்க. வெயில்ல போகாதீங்க, பொசுங்கிடும்." போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "எங்களுக்கு முன்னாடியே தெரியும்."