தூடோரின் கோதுமைத் தட்டு

தூடோருக்காக அவித்த கோதுமைத் தட்டை எட்டு ஆண்கள் சேர்ந்தும் மேசையிலிருந்து அசைக்க முடியவில்லை. அதில் இருந்தது இரண்டு படி கோதுமையும் சர்க்கரையும் கொஞ்சம் அக்ரூட்டும்தான். எங்கள் ஊர் ப்ருனேனியில் யார் செத்தாலும் கோயிலில் எல்லோரும் அந்தத் தட்டைத் தூக்கி, கை எட்டாதவர்கள் முன்னால் நிற்பவரின் தோளைப் பிடித்து, "நித்திய நினைவு" பாடி ஆட்ட வேண்டும். ஆட்டினால்தான் ஆத்மா கிளம்பும்.

முந்தின குளிர்காலத்தில் ஊர் இரண்டாகியிருந்தது. ஆர்த்தடாக்ஸ்காரர்கள் கோயிலை வைத்துக்கொண்டார்கள். அது தங்களுடையது என்ற கிரேக்கக் கத்தோலிக்கர்கள் பள்ளிக்கூடத்தில் பூசை வைத்தார்கள். இருதரப்பும் பாடியது ஒரே பாட்டு, ஒரே ராகம், சண்டை கோயில் சாவிக்கு. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்களுக்குக் கூத்தாடிகூட வரவில்லை. மரலாரி கவிழ்ந்து செத்த தூடோருக்குப் பாதி ஊர்தான் வந்தது. மறுபாதியின் கை ஒன்றாவது பட்டால்தான் தட்டு எழும் என்று எல்லோருக்கும் புரிந்தது. அவன் அம்மா இலிங்கா, பள்ளிக்கூடத்தில் பாட்டு நடத்தும் தன் அண்ணன் கவ்ரிலிடம் ஓடினாள்.

"அண்ணே, ஒரு விரல் வச்சாப் போதும். நீ தோள்ல தூக்கி வளத்த புள்ள."

"உங்க சாமியார சாவியோட வரச் சொல்லு, வர்றேன். இல்லேன்னா, கெஞ்சிக்கிட்டு வந்துட்டான்னு சிரிப்பானுங்க."

கதவைச் சாத்திவிட்டு அவர் அழுததை மருமகள் பார்த்திருக்கிறாள். வீம்பு அழுமே தவிர இறங்காது.

வருஷங்கள் போயின. கோதுமை கெடவில்லை, எலியும் தொடவில்லை. பிறகு ஒரு தவக்காலத்தில் கவ்ரில் செத்தார். பள்ளிக்கூடத்தில் அவருடைய தட்டும் எழவில்லை. இலிங்கா யாரிடமும் கேட்காமல் உள்ளே வந்து கை வைத்தாள். தட்டு முறம்போல எழுந்தது. அழுதுகொண்டே அண்ணனுக்காகக் கடைசிவரை பாடினாள். பிறகு திரும்பிக் கேட்டாள்:

"இப்ப ஒருத்தராச்சும் எங்கூட வாங்க. எம்புள்ள காத்திருக்கான்."

எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். "மாடு கறக்கணும்க்கா," என்றார் ஒருவர். நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது.

தூடோரின் தட்டு கோயிலில் அங்கேயே இருக்கிறது. பெருக்குகிறவர்கள் அதைச் சுற்றிப் பெருக்குகிறார்கள். தூடோர் கோயில் வாசலில் இடதுபக்கமாக நிற்கிறான். பூசைக்கு வருகிறவர்கள் அவன்மேல் இடிக்காமல் கொஞ்சம் ஒதுங்கி உள்ளே போகிறார்கள்.